கட்டிலருகே வாய்மூடி நிற்காதீர்கள்



ஆஸ்பத்திரி வார்டில் நடக்கும் ஒரு காட்சி நம்மில் பலருக்கும் பழக்கமானதுதான். மாலை பார்வை நேரம். தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் கட்டிலைச் சுற்றி நிற்கிறது. முந்தா நாள் பேசிச் சிரித்துக் கஞ்சி குடித்த மனுஷர் இன்று கண்ணைத் திறக்கவே சோம்புகிறார். மூச்சு மேலும் கீழுமாக வாங்குகிறது. மனைவிக்கு வயிற்றைப் பிசைகிறது. "என்னமோ சரியில்லேடா, மிஸ்ஸிகிட்ட சொல்லேன்" என்று மகன் காதில் கிசுகிசுக்கிறார். மகனோ, "டாக்டரு காலையிலதான் பார்த்துட்டுப் போனாராம். அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது? சும்மா இரும்மா" என்கிறான். பார்வை நேரம் முடிகிறது. குடும்பம் வீடு திரும்புகிறது. நடுச்சாமத்தில் டெலிபோன் வருகிறது.

இந்தக் காட்சியில் டாக்டர் கெட்டவரல்ல, மிஸ்ஸியும் கெட்டவரல்ல, அந்த மகனுக்கும் அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால், "சும்மா இரும்மா" என்ற அந்த ஒரு சொல் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அந்தச் சொல்லுக்கு எதிராக இன்று உலகில் சில நாடுகள் விதியே வகுத்துவிட்டன.

இங்கிலாந்தில் ஒரு தாயின் குரல்

2021ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி சைக்கிளிலிருந்து விழுந்தாள். சைக்கிளின் கைப்பிடி வயிற்றில் குத்தி, உள்ளே கணையம் என்ற உறுப்பு அடிபட்டது. இலண்டனில் பேர்பெற்ற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைக்கக்கூடிய காயம்தான். ஆனால் உள்ளே கிருமி தொற்றியது, காய்ச்சல் ஏறியது, இரத்தம் கசிந்தது. தாயார் மெரோப் மில்ஸ், இது இரத்தத்தில் விஷம் பரவும் நிலையாக இருக்குமோ என்று வாய்விட்டே சொன்னார். 'கவலைப்படாதீர்கள்' என்று சமாதானம் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உரிய நேரத்தில் மாற்றவில்லை. தன் 14வது பிறந்த நாளுக்குச் சில தினங்களே இருக்கையில் மார்த்தா இறந்துபோனாள். முன்கூட்டியே மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

இங்கே நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தத் தாயார் படிக்காதவர் அல்ல. பெரிய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர்களில் ஒருவர். மொழி தெரியும், கேள்வி கேட்கத் தெரியும். அவர் சொல்லே ஏறவில்லை என்றால், லயத்திலிருந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் நிற்கும் நம் அம்மாவின் சொல் எங்கே ஏறப் போகிறது?

அதனால்தான் மார்த்தாவின் பெற்றோர், "நாங்கள் இன்னும் பலமாகக் கத்தியிருக்க வேண்டும்" என்பதோடு நின்றுவிடவில்லை. கத்தத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே வழி வேண்டும், விதி வேண்டும் என்று போராடினார்கள். 2024ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'மார்த்தா விதி' 143 ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. 2025இல் அந்நாட்டின் எல்லா அவசர சிகிச்சை ஆஸ்பத்திரிகளுக்கும் விரிந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது, சொல்லியும் கேட்கவில்லை என்றால், குடும்பத்தாரே ஒரு நம்பருக்குக் கூப்பிடலாம். அந்த வார்டைச் சேராத வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கும். 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூன் வரை ஏறக்குறைய 4,900 அழைப்புகள் வந்தன. அவற்றில் 240க்கும் மேற்பட்டவை உயிரைக் காக்கும் அளவுக்கு முக்கியமான சிகிச்சைக்கு வழிவிட்டிருக்கக் கூடும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையே கணக்குச் சொன்னது.

இது இங்கிலாந்தின் புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு ரையன் சாண்டர்ஸ் என்ற, மூன்று வயதுகூட நிறையாத பாலகன் இறந்தான். பிள்ளைக்கு மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது தக்க நேரத்தில் எடுபடவில்லை. அதன் பிறகு 2013இல் 'ரையன் விதி' வந்தது. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை சுடுநீர்க் காயத்துக்குச் சிகிச்சை பெற்று, தேறி வரும் நேரத்தில் இறந்தது. பிள்ளை தண்ணீருக்குத் தவிக்கிறது என்று தாய் சொன்னதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. 2005இல் அந்நாட்டின் பிட்ஸ்பர்க் நகர ஆஸ்பத்திரி ஒன்று, குடும்பத்தாரே அவசரக் குழுவை அழைக்கலாம் என்று வழிசெய்தது.

மூன்று நாடு, மூன்று பிள்ளை, ஒரே பாடம். பக்கத்தில் இருப்பவர் கண்டதை, வைத்தியம் பார்ப்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நமக்கு ஏன் வாய் வரவில்லை?

நம் சனங்களின் மௌனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. விடிகாலைப் பிரட்டுக் களத்தில் கைகட்டி நின்ற பரம்பரை நாம். துரை பேசினால் கேட்க வேண்டும். கிராணி எழுதினால் அதுதான் கணக்கு. டிரெசர் கொடுத்தால் அதுதான் மருந்து. தலைவலிக்கும் அதே மருந்து, வயிற்றுவலிக்கும் அதே மருந்து என்றாலும் 'ஏன்?' என்று கேட்டால் திமிர் பிடித்தவன் என்ற பட்டம். வெள்ளைச் சட்டையைக் கண்டால் குனிவது அப்படித்தான் நம் எலும்பில் ஊறியது.

ஆனால் அதே சனங்கள்தான் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்று ஒன்றுபட்டு நின்றார்கள். சம்பளத்துக்காகத் துரையின் எதிரே உட்கார்ந்து பேசினார்கள். வெள்ளிக்காகத் திறந்த வாய், உயிருக்காக ஏன் திறக்கக்கூடாது?

இன்னொரு பயமும் உண்டு. "நாம ஏதாவது சொல்லப் போயி, அவங்க கோவிச்சுக்கிட்டு நோயாளியைக் கவனிக்காம விட்டுட்டா?" என்ற பயம். இது பொய்ப் பயம் என்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஆனால் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களின் பாட்டையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, நம் நாட்டின் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புடை அணிந்து வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்களே, நினைவிருக்கிறதா? அவர்களும் நம்மைப் போல வேலைப் பளுவில் முதுகு ஒடிகிறவர்கள்தாம். பல கட்டில்களுக்கு நடுவே ஓடும் ஒரு மிஸ்ஸியின் கண்ணுக்குத் தப்பியதை, ஒரே கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி பிடித்துச் சொன்னால் அது குறை கூறுவது ஆகாது, கைகொடுப்பது.

ஆறு அளவு, ஒன்று நம் கையில்

பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல், நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காண ஒரு மதிப்பெண் முறை வகுத்தது. அதில் பார்ப்பது ஆறு விஷயம்: மூச்சின் வேகம், இரத்தத்தில் பிராணவாயு, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, உடல் சூடு, நோயாளியின் தெளிவு. 2017இல் அதைத் திருத்தியபோது, 'புதிதாக வந்த குழப்பம்' என்பதையும் தெளிவின் கீழ் சேர்த்து, அதற்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள்.

'புதிதாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்து அளவுகளைக் கருவியும் கடிகாரமும் பார்த்துச் சொல்லிவிடும். ஆனால் இவர் எப்போதும் இப்படித்தான் பேசுவாரா, இல்லை இன்றுதான் இப்படி உளறுகிறாரா என்பதை எந்தக் கருவி சொல்லும்? நேற்று வந்த டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவருக்குத்தான் தெரியும். "இவரு இப்படி இல்லீங்க" என்று ஒரு மனைவி சொல்வது வெறும் புலம்பல் அன்று. அது மருத்துவத் தகவல்.

ஆகவே கட்டிலருகே இருப்பவர் இவற்றைக் கவனியுங்கள்:

மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். பெரியவர்களுக்குச் சும்மா படுத்திருக்கையில் 12 முதல் 20 வரை இருப்பது வழக்கம். 25ஐத் தொட்டால் உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

புத்தி. ஆளைத் தெரியவில்லை, இடம் தெரியவில்லை, எழுப்பினாலும் எழவில்லை, அல்லது காரணமில்லாமல் படபடக்கிறார், ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார்.

தோல். கைகால் சில்லிட்டு, வேர்த்து, வெளிறி, நீலம் பாய்ந்து, திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

சிறுநீர். காலையிலிருந்து போகவே இல்லை, அல்லது மிகவும் குறைந்துவிட்டது.

வலி. மருந்து கொடுத்தும் அடங்காமல் கூடிக்கொண்டே போகிறது.

இவற்றோடு தோட்டப்புறத்துக்கென்று சில சொல்ல வேண்டும். டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கி கண்டு, 182 பேர் இறந்தார்கள். டிங்கியில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் தணியும். "சூடு விட்டுப் போச்சு, இனிப் பயமில்லே" என்று நாம் மூச்சு விடுவோம். உண்மையில் அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஆபத்து தொடங்கக்கூடும். காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், துவண்டு போவது, நிலைகொள்ளாமல் தவிப்பது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த பார்வை நேரம் வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்தது எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காயத்தில் பட்டுப் பரவுவது. செம்பனைக் காட்டில் எலி இல்லாத இடம் ஏது? கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, மஞ்சள், சிறுநீர் குறைவு என்று அது வளரக்கூடும். நோயாளி செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர், காலில் புண் இருந்தது, வாய்க்காலில் இறங்கினார், மருந்தடித்தார் என்பதையெல்லாம் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். இனிப்புநீர் உள்ளவராக இருந்தால் அதையும், சாப்பிடும் மருந்தையும் சொல்லுங்கள். பிரசவித்த பெண்ணுக்கு உதிரம் நிற்காமல் போவது, குளிர் காய்ச்சல் வருவது, மூச்சு முட்டுவது எல்லாம் 'பிள்ளை பெத்த அசதி' என்று தள்ளக்கூடியவை அல்ல.

சொல்வதற்கு மூன்று படி

குயின்ஸ்லாந்தின் ரையன் விதி மூன்று படியாக இருக்கிறது. முதலில் பார்த்துக்கொள்ளும் தாதியிடமோ டாக்டரிடமோ சொல்வது. தீராவிட்டால் வார்டின் பொறுப்பாளரிடம் சொல்வது. அதுவும் தீராவிட்டால் வெளியேயிருந்து பார்க்கச் சொல்லித் தொலைபேசியில் அழைப்பது. அப்படி ஒரு நம்பர் நம் வார்டுச் சுவரில் எழுதப்படும் நாள் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. படிகள் இங்கேயும் உண்டு.

முதல் படி, மிஸ்ஸி. கூச்சப்படாமல், கோபப்படாமல், கண்டதைச் சொல்லுங்கள். "சரியில்லீங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. நேற்று எப்படி, இன்று எப்படி என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். மலாய் வராது என்ற தயக்கம் உள்ளவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "மிஸ்ஸி, தோலோங் தெங்ஙோக். நாஃபாஸ் டியா லாஜு. செமாலாம் டியா தா மாச்சாம் இனி." மூச்சு வேகமாக இருக்கிறது, நேற்று இப்படி இல்லை என்று பொருள்.

இரண்டாம் படி, டாக்டர். "சாயா பிம்பாங். டியா மாக்கின் தெருக். சாயா மிந்தா டோக்டர் டாத்தாங் தெங்ஙோக் செக்காராங்." எனக்குக் கவலையாக இருக்கிறது, மோசமாகிக்கொண்டே வருகிறார், டாக்டர் இப்போதே வந்து பார்க்க வேண்டும் என்று பொருள். முதலில் வருபவர் பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ்மேன் டாக்டராக இருப்பார். அவருக்கு மேலே மெடிக்கல் ஆபிசர்; அவருக்கு மேலே பாக்கார் என்னும் சிறப்பு மருத்துவர். ஹவுஸ்மேன் வந்து போயும் நிலை மாறவில்லை என்றால், மேலே உள்ளவரிடம் சொல்லச் சொல்லிக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. இரவிலும் பொறுப்பில் ஒரு டாக்டர் இருப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி, வார்டு சிஸ்டர். "சாயா மாவ் ஜும்பா டோக்டர் பாக்கார்" என்று கேளுங்கள். அங்கும் வழி இல்லையென்றால் ஆஸ்பத்திரியின் பொதுமக்கள் தொடர்புப் பிரிவுக்கும், நிர்வாகத்துக்கும் போகலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால், 2006இல் அமலுக்கு வந்த 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி, நோயாளியின் குறைகளைக் கேட்க அங்கே ஒரு ஏற்பாடு இருந்தாக வேண்டும்.

புகார்க் கடிதம் வேறு, அவசரம் வேறு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். சுகாதார அமைச்சுக்கு எழுதும் புகார் நாளைய நோயாளிக்கு உதவும். இன்று கட்டிலில் மூச்சு வாங்குகிறவருக்கு உதவுவது, இந்த நிமிடம் சொல்லும் சொல்தான்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

குடும்பத்தில் ஒருவரைப் பேச்சாளராக வையுங்கள். ஆளுக்கொரு பேச்சு பேசினால் எதுவும் ஏறாது. மலாய் நன்றாக வரும் மகளோ மருமகனோ இருந்தால் நல்லது. யாருமில்லையா? தோட்டக் கமிட்டித் தலைவரை உடன் அழையுங்கள். சம்பளப் பேச்சுக்கு வருகிறவர் உயிர்ப் பேச்சுக்கு வர மாட்டாரா?

பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். மணி, மூச்சு எத்தனை, என்ன சாப்பிட்டார், சிறுநீர் போனதா, யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். "ஆறு மணிக்கு இருபது, எட்டு மணிக்கு இருபத்தெட்டு" என்று நோட்டைக் காட்டிச் சொன்னால் எந்த டாக்டரும் திரும்பிப் பார்ப்பார்.

சத்தம் போடுவது, கையை ஓங்குவது, கூட்டமாய்ப் போய் மறிப்பது கூடவே கூடாது. அப்புறம் பேச்சு நோயாளியை விட்டுவிட்டு நம் சண்டையைப் பற்றியதாகிவிடும். 'வேண்டாம் இந்த ஆஸ்பத்திரி' என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருவதும் ஆபத்து.

டிஸ்சார்ஜ் ஆகும்போதும் ஒன்று கேளுங்கள்: "எது வந்தா நாங்க உடனே திரும்பி வரணும்?" அந்தப் பதிலை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். தோட்டத்தில் இருக்கும்போது மூச்சு முட்டினாலோ மயங்கினாலோ, விடியட்டும், டிரெசர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

ஒவ்வொரு குடும்பமும் தன் சாமர்த்தியத்தில் பிழைத்துக்கொள்ளட்டும் என்று விடுவது நீதியாகாது. அரசாங்க ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு வார்டிலும், மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழியிலும், 'நோயாளியின் நிலை மோசமாகிறதா? இங்கே சொல்லுங்கள்' என்ற அறிவிப்பும், இரவு பகலாகக் கேட்கும் ஒரு நம்பரும் வேண்டும். வார்டுக்கு வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்க வேண்டும். தொழிற்சங்கமும், நம் ஓட்டைக் கேட்டு வருகிறவர்களும் இதை அமைச்சின் காதில் போடட்டும். ஆலயத் திருவிழா மேடையில் பேச வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

அதுவரை, அடுத்த முறை கட்டிலருகே நிற்கும்போது ஒரு தாய், "என்னமோ சரியில்லேடா" என்று சொன்னால், மகனே, அவரைச் "சும்மா இரும்மா" என்று அடக்காதே. "என்னம்மா வித்தியாசமா இருக்கு? சொல்லு, நான் மிஸ்ஸிகிட்ட சொல்றேன்" என்று கேள். அம்மா சொன்னது தவறாகப் போனால் நமக்குக் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். சரியாகப் போனால் அப்பா வீடு திரும்புவார்.